பரிணாமமும் ஆதியாகமமும்: இரண்டையும் ஒருசேர ஏற்க முடியுமா?

உப்புத்துளி:
வாலிபர் கூட்டத்தில் பேச வந்த போதகர் ஒருவர், "பரிணாமத்தை நம்பினால் வேதத்தை மூடி வைத்துவிடலாம், இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும்" என்றார். நான் விலங்கியல் படிக்கிறேன். பாடத்தில் வரும் ஆதாரங்களைப் பொய் என்று சொல்ல மனசாட்சி இடம் தரவில்லை. கர்த்தரை விட்டுவிடவும் என்னால் முடியாது. மோதல் நிஜமாகவே இருக்கிறதா? இருந்தால் எந்த இடத்தில்? வசனத்தையும் ஆதாரத்தையும் சுட்டிச் சொன்னால் நல்லது.

ஏழாம்நாள்:
தம்பி, போதகர் சொன்னது சரிதான். யாத்திராகமம் 20:11-ஐ எடுத்துப் பார். "கர்த்தர் ஆறுநாளைக்குள்ளே" வானத்தையும் பூமியையும் உண்டாக்கினார் என்று அங்கே வருகிறது. இதைக் கவிதை என்று தள்ளிவிட முடியாது, பத்துக் கட்டளைகளுக்குள் நிற்கிற வசனம். மாற்கு 10:6-ல் இயேசுவே, "ஆதியிலே மனுஷரைச் சிருஷ்டித்த தேவன்" என்கிறார். பிரபஞ்சத்துக்கு 1,380 கோடி வருஷம், மனிதன் வந்தது அதன் கடைசித் துளியில் என்றால் இந்த "ஆதியிலே" எங்கே போகும்?

இவை இரண்டையும்விட முக்கியம் ரோமர் 5:12. ஒரே மனுஷனாலே பாவமும், பாவத்தினாலே மரணமும் உலகத்தில் பிரவேசித்தது. பரிணாமமோ மரணத்தால்தான் நடக்கிறது. மனிதன் வருவதற்கு முன்பே கோடிக்கணக்கான வருஷம் செத்து மடிந்த உயிர்களின் மேல்தான் மனிதன் நிற்கிறான் என்றால், மரணம் பாவத்தின் சம்பளம் அல்ல, சிருஷ்டிப்பின் கருவி. பிறகு சிலுவை எதற்கு?

கடுகுவிதை:
ஏழாம்நாள் ஐயா, கடைசியாகச் சொன்னீர்களே, அதுதான் உண்மையான கேள்வி. அதற்கு வருகிறேன். ஆறு நாள் விஷயத்தை மட்டும் முதலில் முடித்துவிடலாம்.

முதல் மூன்று நாளும் சூரியன் இல்லை. அது நான்காம் நாளில் வருகிறது. சூரியன் இல்லாமல் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி என்று 3-ம் நூற்றாண்டிலேயே சபை அறிஞர் ஓரிகன் கேட்டுவிட்டார். அப்புறம், முதல் அதிகாரத்தில் மிருகங்கள் முதலில், மனுஷன் பிறகு. இரண்டாம் அதிகாரத்தில் மனுஷன் தனியாக இருக்கிறான், 19-ம் வசனத்தில் மிருகங்கள் உருவாக்கப்பட்டு அவனிடம் வருகின்றன. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்த பரிசுத்த எழுத்தாளருக்கு இந்த வித்தியாசம் தெரியாமலா இருந்திருக்கும்? கால அட்டவணை தருவது அவருடைய நோக்கமாக இருந்திருந்தால் அப்படி வைத்திருக்க மாட்டார். பழைய சபையின் பெரிய போதகரான அகஸ்டீனும் அந்த நாட்களை நாம் அறிந்த நாட்களாக எடுக்கவில்லை. விசுவாசி இயற்கையைப் பற்றித் தெரியாமல் பேசி, வேதத்தையும் நகைப்புக்கு இடமாக்குவது பெரிய அவமானம் என்று எச்சரித்தவரும் அவர்தான். டார்வினுக்குப் பயந்து யாரும் இந்த விளக்கத்தைக் கண்டுபிடிக்கவில்லை. டார்வினின் நூல் 1859-ல் வருகிறது, அகஸ்டீன் அதற்குச் சுமார் 1,450 வருஷம் முந்தியவர்.

ஏழாம்நாள்:
அகஸ்டீனைப் பாதி மட்டும் சொல்லாதீர்கள். மனிதன் உண்டாகி 6,000 வருஷம்கூட ஆகவில்லை என்று எழுதியவரும் அவரே. அவர் நாட்களைச் சுருக்கி, எல்லாம் ஒரே கணத்தில் உண்டானது என்றார். நீங்கள் நாட்களைக் கோடி வருஷமாக நீட்டுகிறீர்கள். அவர் உங்கள் பக்கம் நிற்கவில்லை.

கடுகுவிதை:
நியாயம், வயதில் அவர் உங்கள் பக்கம்தான். அவர் பரிணாமவாதி என்று நான் சொல்லவில்லை. ஆதியாகமத்தை மதித்து வாசிப்பவர் 24 மணி நேர நாளை நம்பியே ஆகவேண்டும் என்ற நிபந்தனை பழைய சபையில் இல்லை என்பதற்குத்தான் அவரைச் சொன்னேன்.

தம்பி உப்புத்துளி, நீங்கள் விலங்கியல் என்பதால் இரண்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நமக்கு 46 குரோமோசோம்கள். சிம்பன்ஸி, கொரில்லா, ஒராங்குட்டானுக்கு 48. பொது மூதாதை உண்டு என்றால், நம் வழியில் ஒரு ஜோடி எங்கே போனது? தொலைந்திருந்தால் உயிர் பிழைத்திருக்காது. அப்படியானால் இரண்டு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். நம் 2-ம் குரோமோசோமின் நடுப்பகுதியில், குரோமோசோமின் நுனியில் மட்டும் இருக்க வேண்டிய டெலோமியர் வரிசை எதிரெதிராக முட்டி நிற்கிறது. ஒரு குரோமோசோமுக்கு ஒன்றே இருக்க வேண்டிய இடுப்புப் பகுதிதான் சென்ட்ரோமியர், செயலிழந்த இரண்டாவது சென்ட்ரோமியரின் தடமும் அங்கே இருக்கிறது. அதாவது, கோட்பாடு எதை எதிர்பார்த்ததோ அதுவே அங்கே கிடைத்தது.

அடுத்தது வைட்டமின் சி. பெரும்பாலான பாலூட்டிகள் அதை உடம்பிலேயே தயாரித்துக்கொள்கின்றன. நம்மால் முடியாது, வாலில்லாக் குரங்குகளாலும் முடியாது. அதற்கான மரபணு நம்மிடம் இல்லாமல் இல்லை, உடைந்து கிடக்கிறது. அவற்றுக்கும் அதே மரபணு, அதே போல உடைந்திருக்கிறது.

ஏழாம்நாள்:
ஒரே தச்சன் செய்த நாற்காலியும் மேசையும் ஒன்றுபோல இருக்கத்தான் செய்யும். ஒற்றுமை இருந்தால் உறவு என்று ஆகாது. கினிப்பன்றிக்கும் அந்த மரபணு உடைந்திருக்கிறதே, அதுவும் நமக்குச் சொந்தமா?

கடுகுவிதை:
கினிப்பன்றியில் அது தனியாக, வேறு விதமாக உடைந்தது. வேலை செய்கிற பாகங்கள் ஒன்றுபோல இருந்தால் ஒரே வடிவமைப்பாளர் என்று சொல்லலாம், நானும் ஒத்துக்கொள்வேன். பழுதும் ஒன்றுபோல, அதுவும் நெருங்கிய உறவு என்று உடலமைப்பு காட்டும் இனங்களுக்குள் ஒன்றுபோல இருந்தால்? தேவன் வேண்டுமென்றே உடைந்த மரபணுவை, வம்சாவளி போலத் தோன்றும்படி வைத்தார் என்று சொல்ல வேண்டியிருக்கும். பொய் சொல்லாத தேவனைப் பற்றி அப்படிச் சொல்ல என் வாய் வராது.

திறந்தகதவு:
நான் விசுவாசி இல்லை. ஆனாலும் இந்த விஷயத்தில் ஏழாம்நாள் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. மன்னிக்கவும் கடுகுவிதை, நீங்கள் எளிதான பாதியை மட்டும் பேசுகிறீர்கள். நாட்களை உருவகமாக்கிவிடலாம். வலியை உருவகமாக்க முடியாது.

சென்ட்ரோசாரஸ் என்ற கொம்பு டைனோசரின் கால் எலும்பில் எலும்புப் புற்றுநோய் இருந்ததை 2020-ல் உறுதி செய்தார்கள். மனிதக் குழந்தைகளுக்கு வருகிற அதே வகைப் புற்று. எலும்பின் வயது சுமார் 7.6 கோடி வருஷம். அந்த உயிர் யாருடைய பாவத்துக்காக வலித்தது? 25 கோடி வருஷத்துக்கு முன் பெர்மியன் யுகத்தின் முடிவில் கடல்வாழ் இனங்களில் மிகப் பெரும்பான்மை அழிந்தன. 1860-ல் டார்வின் ஹார்வர்டின் தாவரவியலாளர் ஏசா கிரேவுக்கு எழுதிய கடிதத்தில், உயிரோடிருக்கும் கம்பளிப்புழுவுக்குள் முட்டையிட்டு, அதை உள்ளிருந்தே தின்று வளரும் குளவியை அன்புள்ள, சர்வவல்ல தேவன் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்கிறார். கிரே பிரெஸ்பிடேரியன் விசுவாசி, பரிணாமத்துக்காக அமெரிக்காவில் வாதாடியவர். உங்கள் நிலைதான் அவர் நிலையும். டார்வினின் கேள்விக்கு உங்கள் பதில் என்ன?

பழைய_ஏடு:
இடையில் ஒரு வரலாற்றுக் குறிப்பு, ஏனென்றால் "கிறிஸ்தவம்" என்று ஒரே நிலை இருப்பதுபோலப் பேச்சு போகிறது. 1874-ல் பிரின்ஸ்டன் இறையியலாளர் சார்ல்ஸ் ஹாட்ஜ் டார்வினியம் நாத்திகமே என்று முடிவு கட்டினார். அதே பிரின்ஸ்டனில் அவருக்குப் பின் வந்த வார்ஃபீல்ட், வேதத்தில் பிழையே இல்லை என்று வாதாடியவர், பரிணாமத்துக்குக் கதவைத் திறந்தே வைத்தார். கத்தோலிக்கத் திருச்சபையில் 1950-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஒரு சுற்றுமடலில், மனித உடல் முன்பிருந்த உயிருள்ள பொருளிலிருந்து வந்ததா என்று ஆராயத் தடையில்லை, ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்றார். 1996-ல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்பதைத் தாண்டிவிட்டது என்றார். மனித மரபணுத்தொகைத் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் காலின்ஸ் சுவிசேஷ விசுவாசி. 2005-ல், பள்ளிப் பாடத்தில் பரிணாமத்துக்கு எதிரான கருத்தைச் சேர்ப்பது பற்றி அமெரிக்காவில் நடந்த டோவர் வழக்கில் பரிணாமத்துக்காகச் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் கத்தோலிக்கர். "இரண்டில் ஒன்று" என்பது சிலருடைய நிலை, சபை முழுவதின் நிலை அல்ல.

திறந்தகதவு:
பெரிய மனிதர்கள் இரண்டையும் நம்பினார்கள் என்பதால் இரண்டும் பொருந்திவிடாது. மனிதர்கள் முரண்பட்ட விஷயங்களைச் சேர்த்தே நம்புவார்கள். என் கேள்வி அப்படியே நிற்கிறது.

கடுகுவிதை:
நிற்கிறது, மறுக்கவில்லை. கிரே மறுமொழி எழுதினார், ஆனால் டார்வின் திருப்தியடையவில்லை. நான் எழுதுவதும் உங்களுக்கு முழுத் திருப்தி தராமல் போகலாம், இருந்தாலும் எழுதுகிறேன்.

மிருகங்களின் மரணம் பாவத்தால் வந்தது என்று வேதம் எங்கேயும் நேராகச் சொல்லவில்லை. சங்கீதம் 104-ல் பாலசிங்கங்கள் இரைக்காகக் கெர்ச்சித்து, தேவனிடத்தில் ஆகாரம் தேடுகின்றன. அது சிருஷ்டிப்பைத் துதிக்கும் சங்கீதம், வேட்டையைச் சாபமாக அங்கே பாடவில்லை. ரோமர் 5:12-ன் பிற்பகுதி, மரணம் "எல்லாருக்கும்" வந்ததற்குக் காரணம் எல்லாரும் பாவம் செய்ததே என்கிறது. டைனோசர் பாவம் செய்யாது. பவுல் அங்கே பேசுவது மனுஷரின் மரணத்தைப் பற்றி. அதுவும் உடல் மரணம் மட்டும்தானா? "அதை நீ புசிக்கும் நாளில் சாகவே சாவாய்" என்ற தேவன், ஆதாமைப் பிறகு 930 வயது வரை வாழவிட்டார். அந்த நாளில் செத்தது அவனுடைய உடல் இல்லை.

இனி வலி. ஆறாயிரம் வருஷக் கணக்கு இதைத் தீர்த்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஆதாம் ஒருவன் செய்ததற்குக் குளவி ஏன் புழுவை உயிரோடு தின்ன வேண்டும் என்ற கேள்வி அந்தக் கணக்கிலும் அப்படியே இருக்கிறது. பவுல் ரோமர் 8-ல் சர்வ சிருஷ்டியும் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்கிறார். வலியை அவர் மறைக்கவில்லை, அதற்கு ஒரு முடிவு வரும் என்கிறார். அந்த வலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிற தேவன் என்றால் நானும் உங்கள் பக்கம் வந்திருப்பேன். ஆணி அடிக்கப்பட்ட தேவனைத்தான் நான் விசுவாசிக்கிறேன்.

ஏழாம்நாள்:
பவுலை அவ்வளவு சுலபமாகக் குறுக்காதீர்கள். 1 கொரிந்தியர் 15:26 மரணத்தைக் "கடைசிச் சத்துரு" என்கிறது. சத்துருவைக் கொண்டு தேவன் வீடு கட்டினாரா? ஆதியாகமம் 1:30-ல் மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் ஆகாரமாகக் கொடுக்கப்பட்டது பசும் பூண்டு. அதற்குப் பிறகுதான் எல்லாம் "மிகவும் நன்றாயிருந்தது." உங்கள் கதையில் புற்றுநோய் எலும்பும் அந்த "மிகவும் நன்று"க்குள் அடங்கும். நீங்கள் விசுவாசத்தோடுதான் பேசுகிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை சகோதரரே. ஆனால் அந்த ஒரு வார்த்தையைத் தாண்டி என்னால் வர முடியாது.

உப்புத்துளி:
எனக்கு இன்னொரு இடமும் உறுத்துகிறது. மரபணு மாற்றம் தற்செயல் என்று பாடத்தில் படிக்கிறோம். தற்செயலாக வந்தவன் தேவசாயலாக எப்படி இருக்க முடியும்?

கடுகுவிதை:
உயிரியலில் தற்செயல் என்றால், அந்த உயிரின் தேவையைப் பார்த்து மாற்றம் வருவதில்லை என்றுதான் பொருள். அதற்கு மேல் அறிவியல் எதுவும் சொல்வதில்லை. சிலர் அதற்கு மேலே போய், ஆகவே நோக்கமே இல்லை என்பார்கள். அது அவர்களுடைய தத்துவம், ஆய்வகத்தில் கிடைத்த முடிவு அல்ல. நீதிமொழிகள் 16:33 என்ன சொல்கிறது? "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்." சீட்டு நமக்குத் தற்செயல்தான். மழையைப் பெய்யப்பண்ணுகிறவர் பிதா என்று இயேசு சொல்கிறார். நீராவி மேலே போய் மேகமாவதைப் படித்ததால் யாரும் ஜெபத்தை நிறுத்தவில்லையே.

திறந்தகதவு:
மழை உதாரணம் இங்கே பொருந்தவில்லை. மழைக்குப் பின்னால் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் இரட்சிப்புக் கோட்பாடு அசையாது. ஆதாம் இல்லாவிட்டால் அசையும். இன்றைய மனிதர்களின் மரபணு வேறுபாட்டைப் பார்த்தால், கடந்த சில லட்சம் வருஷத்தில் மனித முன்னோர் ஒரே ஜோடியாகச் சுருங்கியதாகத் தெரியவில்லை, ஆயிரக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். லூக்கா 3-ல் இயேசுவின் வம்சாவளி ஆதாமில்தான் போய் முடிகிறது. தம்பி கேட்டாரே எந்த இடம் என்று, எனக்குத் தெரிந்து இதுதான் அந்த இடம்.

பழைய_ஏடு:
ஒத்துக்கொள்கிறேன், இது இன்னும் தீராத இடம். 1950-ன் அந்தச் சுற்றுமடல்கூட உடலைப் பற்றி ஆராயலாம் என்று விட்டுவிட்டு, பல ஆதிப் பெற்றோர் என்ற கருத்து பிறவிப் பாவப் போதனையோடு எப்படிப் பொருந்தும் என்று தெரியவில்லை என்று இங்கேதான் நிறுத்தியது. அதற்குப் பின் வந்த இறையியலாளர்களில் சிலர் ஆதாமைப் பலருக்குள்ளிருந்து தேவன் அழைத்த ஒருவனாக, எல்லாருக்கும் பிரதிநிதியாகப் பார்க்கிறார்கள். சிலர் மனுக்குலம் முழுவதையும் குறிக்கும் உருவமாகப் பார்க்கிறார்கள். இரண்டாவது விளக்கத்தில் ரோமர் 5 தளர்ந்துவிடுகிறது என்பது என் கருத்து. முதலாவதில் தளரவில்லை.

கடுகுவிதை:
நானும் முதலாவது பக்கம்தான். ஆதியாகமம் 4-ஐ வாசியுங்கள். ஆபேலைக் கொன்ற காயீன், "என்னைக் கண்டுபிடிக்கிறவன் எவனும் என்னைக் கொன்றுபோடுவானே" என்று பயப்படுகிறான். யார் அந்த "எவனும்"? மூன்று வசனம் தாண்டினால் மனைவி இருக்கிறாள், பட்டணம் கட்டுகிறான். சுற்றிலும் ஜனம் இருப்பதுபோலத்தான் அந்த அதிகாரம் பேசுகிறது.

ஏழாம்நாள்:
ஆதியாகமம் 5:4-ல் ஆதாம் குமாரரையும் குமாரத்திகளையும் பெற்றான் என்று இருக்கிறது. காயீன் தன் சொந்த ஜனத்துக்குப் பயந்தான், அவ்வளவுதான். ஆதியாகமம் 3:20 ஏவாளை "ஜீவனுள்ளோருக்கெல்லாம் தாய்" என்கிறது. பலருக்குள் ஒருத்தி எப்படி எல்லாருக்கும் தாயாவாள்? அழைக்கப்படாத மற்றவர்கள் தேவசாயலா, இல்லையா? அவர்கள் ஆதாமின் பிள்ளைகள் இல்லையென்றால் அவன் விழுந்தபோது அவர்களும் விழுந்தது எந்த நியாயத்தில்?

கடுகுவிதை:
நியாயமான கேள்வி. இஸ்ரவேலில் பிறக்காதவனும் ஆபிரகாமின் சந்ததி என்று எண்ணப்படுகிறான் என்று கலாத்தியர் 3 சொல்கிறது. கிறிஸ்துவும் நமக்கு மாம்சப்படி தகப்பன் இல்லை, ஆனால் அவருடைய ஒரே நீதி அநேகருக்கு எண்ணப்படுகிறது. ரோமர் 5 ஆதாமையும் கிறிஸ்துவையும் எதிரெதிரே நிறுத்துவதே தலைவன் என்ற ஸ்தானத்தில்தான். ஏவாளைப் பற்றிய வசனத்துக்கு இதே அளவு உறுதியான பதில் என்னிடம் இல்லை. மற்றவர்களும் தேவசாயலா என்ற கேள்வியும் திறந்தே கிடக்கிறது. ஆனால் அந்த ஒரு வசனத்துக்காக 2-ம் குரோமோசோமைக் கண்டும் காணாததுபோல இருக்கவும் என்னால் முடியாது.

ஏழாம்நாள்:
நான் எதையும் காணாமல் இருக்கச் சொல்லவில்லை. குரோமோசோம் ஒட்டியிருக்கலாம், அது ஆதாமின் பிள்ளைகளுக்குள்ளேயே நடந்திருக்கலாம். தம்பி உப்புத்துளி, தேர்வில் பாடத்தில் உள்ளதை எழுது, அதில் பாவம் இல்லை. அந்தப் போதகரிடம் போய் ரோமர் 5-ஐயும் 1 கொரிந்தியர் 15-ஐயும் திறந்து வைத்துக் கேள். ஆறு நாளைப் பற்றி மட்டும் பேசி அனுப்பினால் விட்டுவிடாதே, மரணத்தைப் பற்றிக் கேள்.

உப்புத்துளி:
கேட்கிறேன் ஐயா. கடுகுவிதை அண்ணா சொன்ன சங்கீதம் 104-ஐயும் எடுத்துப் போகிறேன்.