ஆரக்கிள் 19சி நிறுவல்: பழைய லைப்ரரி சோதனையைத் தாண்டிச் செல்லலாமா?

கேள்வி

வணக்கம். ஆரக்கிள் லினக்ஸ் 8 இயங்கும் புரொடக்‌ஷன் சர்வரில் ஆரக்கிள் 19சி தரவுத்தளத்தை நிறுவ முயல்கிறேன். இன்ஸ்டாலர் இயங்குதளத்தை அடையாளம் காணாமல் நின்றதால், சிவி_அஸ்யூம்_டிஸ்ட்ஐடி என்ற சூழல் மாறியில் ஓஇஎல்7.6 என்று கொடுத்துத் தொடர்ந்தேன். இப்போது காம்பாட்-லிப்கேப்1 என்ற பழைய லைப்ரரி பேக்கேஜ் இல்லை என்று முன்தேவைச் சோதனை நிற்கிறது. எட்டாம் பதிப்பின் ரெப்போவில் (பேக்கேஜ் களஞ்சியத்தில்) அந்தப் பேக்கேஜே கிடையாது. ஏழாம் பதிப்பின் ஆர்பிஎம்மை (பேக்கேஜ் கோப்பை) எடுத்து நிறுவ வேண்டுமா, ‘இக்னோர் ஆல்’ பெட்டியை டிக் செய்துவிட்டு மேலே போகலாமா?

மறுமொழி 1

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். 19சியின் அடிப்படை வெளியீடான 19.3-இன் இன்ஸ்டாலர் 2019 ஏப்ரலில் வந்தது; ஆரக்கிள் லினக்ஸ் 8 அதே ஆண்டு ஜூலையில்தான் வெளியானது. நீங்கள் மாறியில் ஏழு என்று சொன்னதால், அது ஏழாம் பதிப்புக்குரிய பட்டியலை வைத்து எட்டாம் பதிப்பைச் சோதிக்கிறது. எட்டாம் பதிப்புக்கான நிறுவல் கையேட்டின் பட்டியலில் காம்பாட்-லிப்கேப்1 இல்லை. ஆகவே அந்த ஒன்றை அச்சமின்றித் தவிர்க்கலாம்.

எனக்குக் கவலை தருவது, அந்தப் பட்டியல் கேட்காமல் விடுவதுதான். லிப்என்எஸ்எல்.எஸ்ஓ.1 என்ற கோப்பு ஏழாம் பதிப்பில் ஜிலிப்சி என்ற அடிப்படை சி லைப்ரரியோடு சேர்ந்தே வந்தது. எட்டில் அது லிப்என்எஸ்எல் என்ற தனிப் பேக்கேஜாகப் பிரிந்துவிட்டது. ஏழாம் பட்டியலில் அதற்கு இடமில்லாததால், சோதனை முழுவதும் பச்சையாக வந்தாலும் அது இருக்கிறது என்று பொருளல்ல. முதலில் ஆரக்கிள்-டேட்டாபேஸ்-பிரீஇன்ஸ்டால்-19சி பேக்கேஜை நிறுவுங்கள். தேவையான பேக்கேஜ்களோடு கெர்னல் அளவுருக்களும் அமைந்துவிடும். பிறகு ‘ஆர்பிஎம் -கியூ லிப்என்எஸ்எல் லிப்ஏஐஓ’ என்ற கட்டளையால் அந்த இரண்டு பேக்கேஜ்களும் இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ‘இக்னோர் ஆல்’ பெட்டியும், திரைச் சாளரமின்றி நிறுவும் சைலண்ட் முறையின் -இக்னோர்பிரீரெக்ஃபெய்லியர் விருப்பமும் எதையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஸ்வாப் (நினைவகத்துக்குத் துணையான வட்டு இடம்) போதாமையும் லிப்ஏஐஓ இல்லாமையும் பழைய லைப்ரரியோடு சேர்ந்தே மறைந்துவிடும். தோல்விப் பட்டியலில் காம்பாட்-லிப்கேப்1 மட்டும் எஞ்சும்வரை மற்றவற்றைச் சரிசெய்துவிட்டு, அதன் பின்னரே அந்த விருப்பத்தைப் பயன்படுத்துங்கள். ஆரக்கிள் 11.2 பதிப்பின் நாள்களிலும் இதே நிலைதான்: இன்ஸ்டாலர் பிடிகேஎஸ்ஹெச் என்ற பழைய ஷெல்லைக் கேட்கும், அதற்குப் பதில் கேஎஸ்ஹெச் இருந்தால் போதும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பிரீஇன்ஸ்டால் பேக்கேஜை நிறுவிய பின், நீங்கள் சொன்னபடியே அந்த ஒன்று மட்டும் எஞ்சியுள்ளது. ஏழாம் பதிப்பின் ஆர்பிஎம்மை ஏன் தவிர்க்க வேண்டும் என்பதையும் விளக்க இயலுமா?

மறுமொழி 1

எட்டாம் பதிப்பின் ரெப்போ அறியாத பேக்கேஜ் என்பதால், அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் அந்த வழியாக வராது. தேவையே இல்லாத ஒன்றைப் புரொடக்‌ஷனில் சுமக்க வேண்டாம். அதைவிட முக்கியமானது, எட்டாம் பதிப்பில் 19சிக்கு ஆதரவு 19.7 ரிலீஸ் அப்டேட் (திருத்தத் தொகுப்பு) முதல்தான் தொடங்குகிறது. ஆகவே ஓபேட்ச் என்ற திருத்தக் கருவியைப் புதுப்பித்துவிட்டு, அந்த அப்டேட்டையும் சேர்த்து நிறுவும் -அப்ளைஆர்யூ விருப்பத்தோடு இன்ஸ்டாலரை இயக்குங்கள். நிறுவல் முடிந்ததும் ஆரக்கிள் ஹோமின் (நிறுவல் அடைவின்) ‘பின்’ என்ற உள்ளடைவில் உள்ள ஆரக்கிள் கோப்பின் மீது, அதற்குத் தேவையான லைப்ரரிகளைக் காட்டும் எல்டிடி கட்டளையை ஓட்டி, ‘நாட் ஃபவுண்ட்’ என்ற வரி ஏதும் வருகிறதா என்று பாருங்கள்.