புலிகுத்திக் கல்லில் குறுவாள் பாயும் இடம்: விளக்கம் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். புலிகுத்திக் கல் என்பது புலியோடு பொருது மாண்ட வீரனின் நினைவாக நட்ட கல், அதாவது ஒருவகை நடுகல். பாலக்கோட்டை அடுத்த எங்கள் ஊர் ஏரிக்கரையில், மாட்டுப்பொங்கலன்று மட்டும் மஞ்சள் பூசிக் கும்பிடும் புலிகுத்திக் கல்லில், பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் புலியின் வாய்க்குள் வீரன் இடக்கையைத் திணித்திருக்க, வலக்கைக் குறுவாள் அதன் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே நெஞ்சுக்கூட்டில் இறங்கியிருக்கிறது. புலிக்கு இதயமும் நுரையீரலும் அங்கேதான் இருக்கின்றன. எலும்பு தடித்த நெற்றியையோ, குத்துப்பட்ட பின்னும் வெகுநேரம் எதிர்க்க விடும் வயிற்றையோ விட்டு அவ்விடத்தைக் காட்டியது வேட்டை அறிந்த சிற்பியின் கணக்கா, கல்லில் இடம் வாய்த்தபடி செதுக்கியதா என்பது எனக்கு விளங்கவில்லை. (வீரனும் பிழைக்கவில்லை என்பதற்குக் கல்லே சாட்சி.) தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டார நடுகற்களைப் பார்த்தவர்கள், ஆயுதம் புலியின் உடலில் எங்கே பாய்கிறது என்று தெரியும்படி, மாலைச் சாய்வெயிலில் எடுத்த படங்களைப் பகிர்ந்து உதவ வேண்டுகிறேன். தெளிவுக்காகக் கல்லின் மேல் சுண்ணாம்பு தேய்க்க வேண்டாம்.