தீர்ப்பில் மாதம் 5,000. கைக்கு வந்தது எவ்வளவு? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தறிச்சத்தம் | 9 ஜூன் 2024

வீட்டில் ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள் நான். மகள் ஆறாம் வகுப்பு. அவள் அப்பா எங்களை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது. ஜீவனாம்சம் கேட்டு 2022 ஜனவரியில் மனுப் போட்டேன். வாய்தா மேல் வாய்தாவாக 14 மாதம் போனது. 2023 மார்ச்சில் ஆணை வந்தது: மகளுக்கு மாதம் 5,000 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் கணக்கில் போட வேண்டும். அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டினேன். அவ்வளவு வெகுளி.

ஆணை வந்த நாளிலிருந்து 40 பக்க ரூல் நோட்டு ஒன்றில் எழுதி வருகிறேன். தேதி, வர வேண்டியது, வந்தது என்று மூன்று கோடு. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் முழுசாக 5,000. ஜூலையில் 2,000. அதற்கப்புறம் "வந்தது" பத்தி வெறும் கோடுதான். நவம்பரில் மட்டும் ஒரு வரி: "தீபாவளி, பாப்பா துணிக்கு, 1,500". ஆக 14 மாதத்துக்கு 70,000 வர வேண்டிய இடத்தில் 18,500 வந்திருக்கிறது. பாக்கி 51,500.

இதுவரை எல்லோருக்கும் நடப்பதுதான். நான் எழுத வந்தது இதற்கடுத்த கதையை.

மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அப்பா விட்டுப்போன பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு என்று மகளின் டீச்சர் சொன்னார். கிராமப்புறத்தில் குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000க்குள், மற்ற இடங்களில் 96,000க்குள் இருக்க வேண்டும், பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும். எங்களுடையது பஞ்சாயத்து. என் தையல் வருமானம் 54,000 என்று சான்று வாங்கி வைத்திருந்தேன். மனுக் கொடுத்தேன், கிடைத்துவிடும் என்று நம்பினேன்.

விசாரணைக்கு வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "கோர்ட் ஆர்டர் ஏதாவது இருக்குதாம்மா?" என்றார். புருஷன் விட்டுப்போனதற்கு அதுதானே அத்தாட்சி என்று பெருமையாக எடுத்து நீட்டினேன். படித்தார். போனை எடுத்துக் கணக்குப் போட்டார்.

"மாசம் 5,000. வருஷத்துக்கு 60,000. உங்க 54,000 சேர்த்தா 1,14,000 வருதே."

"அந்தப் பணம் வர்றதில்லீங்க சார்."

"ஆர்டர்ல இருக்குதேம்மா."

நோட்டைக் காட்டினேன். "நீங்களே எழுதினதை எப்படிம்மா எடுத்துக்கிறது?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் எரிச்சல். கட்டாதவனைக் கேட்க எந்த ஆபீசும் இல்லை. அவன் கட்டியிருப்பான் என்று கணக்குப் போட மட்டும் ஆள் இருக்கிறது. கோர்ட்டுக்கே போகாமல் இருந்திருந்தால் 4,000 வந்திருக்குமோ என்று ராத்திரியெல்லாம் தோன்றுகிறது.

யாராவது இதைக் கடந்து வந்திருந்தால் சொல்லுங்கள்.

வைகைக்கரை | 9 ஜூன் 2024

அக்கா, உங்களுக்கு ஆணை வில்லன் என்றால் எனக்கு ரேஷன் கார்டு. வீட்டுக்காரர் விட்டுப்போனபோது எனக்கு 27 வயது. கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கான உதவித்தொகை கேட்கப் போனால் 30 வயது ஆகியிருக்க வேண்டும், ஒன்று விட்டுப்போய் 5 வருடம் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட்டில் பிரிந்ததற்குக் காகிதம் வேண்டும் என்றார்கள். 30 வயது ஆகும்வரை பிள்ளை பால் குடிக்காமல் இருக்குமா என்ன?

அப்புறம் 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை வந்தது. ஒரு கார்டுக்கு ஒருவர்தான். என் பெயரும் பிள்ளை பெயரும் அப்போது மாமியார் கார்டில். 1,000 ரூபாய் அவர் கணக்குக்குப் போகிறது. பெயர் நீக்கலாம் என்றால் ஓடிபி மாமியார் போனுக்குப் போகும். அவர் சொல்வாரா? வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு நான்கு தடவை நடந்து, அம்மா வீட்டில்தான் இருக்கிறேன் என்பதற்குப் பிள்ளையின் பள்ளிச் சான்றும் கேஸ் புத்தகமும் கொடுத்துத்தான் பெயரை எடுத்தேன். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமாக இருந்ததோ பிழைத்தேன்.

பழைய குமாஸ்தா | 10 ஜூன் 2024

வக்கீல் ஆபீசில் 31 வருடம் குமாஸ்தாவாக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். தங்கச்சி, முதலில் ஒரு அவசரம். உங்கள் நோட்டின்படி 2023 ஜூலையில் 3,000 குறைகிறது. பாக்கி வசூலுக்கு வாரண்ட் கேட்கும் மனுவை, பணம் கட்ட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த 3,000க்கு வரும் ஜூலை 10 கடைசி. ஆகஸ்டில் போனால் ஆகஸ்ட் பாக்கியும் ஆபத்தில். "மொத்தமாகச் சேரட்டும், சேர்த்துக் கேட்கலாம்" என்று இரண்டு வருடம் பொறுத்துவிட்டு வந்து அழுத பெண்களை எண்ண முடியாது. இந்த ஒரு விஷயத்தில் பொறுமை கூடவே கூடாது.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு கிடையாது, 1987 சட்டத்திலேயே அப்படித்தான். 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம். ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் புதிய சட்டம் வருகிறது. ஜீவனாம்சத்துக்கு நாம் 125ஆம் பிரிவு என்று சொல்லிப் பழகியது இனி 144ஆம் பிரிவு. பெயர்தான் மாறுகிறது, ஒரு வருடக் கெடு அப்படியே இருக்கிறது.

வாரண்ட் போட்டும் கட்டாவிட்டால் ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை உள்ளே வைக்கலாம். "ஜெயிலுக்குப் போயிட்டு வந்துட்டேன், கணக்கு முடிஞ்சுது" என்று சில பேர் மீசையை முறுக்குவார்கள். முடியாது. உள்ளே இருந்ததால் கடன் கழியாது என்று 1989லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிதாக மனுப் போடுகிறவர்களுக்கு இன்னொன்று: 2020 நவம்பரில் வந்த ராஜ்னேஷ் – நேஹா தீர்ப்புக்குப் பிறகு இரண்டு பேருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றுக்கும் பிரமாணப் பத்திரம் தர வேண்டும், தொகையும் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கு. ஆணை கைக்கு வந்ததும் எந்தத் தேதியிலிருந்து என்று பாருங்கள்.

இப்போது உங்கள் 4,000. நீங்கள் எழுதிய நோட்டை விசாரணைக்கு வந்தவர் ஏற்கவில்லை அல்லவா? வங்கி எழுதியதை ஏற்றுத்தான் ஆக வேண்டும். 2023 ஏப்ரலிலிருந்து ஸ்டேட்மென்ட் வாங்கி, உங்கள் கணவர் பணம் போட்ட வரிகளை மட்டும் மஞ்சள் கோடு அடியுங்கள். பாக்கி மனுவைப் போட்டதும் அதன் எண்ணுடன் ஒரு நகல். இரண்டையும் இணைத்து "உத்தரவான தொகை வரவில்லை, வந்த தொகையை மட்டும் வருமானமாகக் கொள்ளவும்" என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள், அரைப் பக்கமானால் இன்னும் நல்லது. வாயால் "முடியாது" என்றால் விடாதீர்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தேர்தல் நடத்தை விதி முடிந்துவிட்டது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். எண் இருந்தால்தான் கோப்பு. எண் இல்லாவிட்டால் வெறும் காகிதம்.

மழைக்குடை | 10 ஜூன் 2024

லண்டனில் இருந்து எழுதுகிறேன், ஊர் யாழ்ப்பாணம். தறிச்சத்தம் அக்கா, உங்கள் கதையை வாசித்துவிட்டு எனது பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். இங்கே தகப்பனிடமிருந்து பிள்ளைக்கான காசை வாங்கித் தரவென்றே அரசாங்கத்தில் ஒரு பிரிவு உண்டு, சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸ். 1993இல் தொடங்கிய பழைய ஏஜென்சிக்குப் பதிலாக 2012இல் வந்தது. கோர்ட்டுக்குப் போகத் தேவையில்லை. தகப்பனின் வருமானத்தை வரித் திணைக்களத்திலிருந்து அவர்களே எடுப்பார்கள். பொதுவாக ஒரு பிள்ளைக்கு 12 வீதம், இரண்டு பிள்ளைக்கு 16 வீதம். விண்ணப்பிக்க 20 பவுண்ட் கட்டணம் இருந்தது, இந்த வருடம் பெப்ரவரியில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

கேட்க நல்லாகத்தான் இருக்கும். என்னுடைய முன்னாள் கணவர் சொந்தமாகத் தொழில் செய்கிறவர், பாதிக் காசு கையில்தான் புழங்கும். வரித் திணைக்களத்துக்கு அவர் காட்டிய கணக்கு கிழமைக்கு 250 பவுண்ட். 16 வீதம் பார்த்தால் இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து 40 பவுண்ட். போன வருடம் புதுக் கார் வாங்கின மனிசன்! அந்த 40ஐயும் ஒழுங்காகத் தராதபடியால் அவர்களே அறவிட்டுத் தரும் முறைக்கு மாறினேன். அதில் அவர் 20 வீதம் கூடக் கட்ட வேண்டும், 48 ஆகும். எனக்கு 4 வீதம் கழித்து 38 பவுண்ட் 40 பென்ஸ் வரும். பிள்ளையின் காசில் எதற்கு 4 வீதம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

ஆனால் அக்கா, உங்களுக்கு நடந்தது எனக்கு நடக்காது. இங்கே யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசாங்க உதவிப் பணத்தின் கணக்கில் பிள்ளைகளுக்கான இந்தக் காசை வருமானமாகச் சேர்ப்பதே இல்லை. வந்தாலும் சேர்க்க மாட்டார்கள், வராவிட்டாலும் சேர்க்க மாட்டார்கள். தகப்பன் ஏமாற்றினால் உதவிப் பணமும் போய்விடுமோ என்ற பயம் கிடையாது. அந்த ஒரு விஷயத்துக்காக இவர்களை எத்தனை தரமும் மன்னிக்கலாம்.

கணிப்புப் பிழை என்றால் 30 நாளுக்குள் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், அதற்குப் பிறகு தீர்ப்பாயம். சேவை சரியில்லை என்று முறையிட்டுச் சரிவராவிட்டால் தனியாக ஒரு பரிசோதகர் இருக்கிறார், பாராளுமன்றக் குழுவும் இடைக்கிடை கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். இவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருந்தும் அவருடைய 250 பவுண்ட் 250ஆகவேதான் இருக்கிறது.

ஞாயிறு அப்பா | 11 ஜூன் 2024

அடிக்க வராதீர்கள், நான் கட்டுகிற பக்கம். முதல் ஒன்றரை வருடம் மாதம் 6,000 ரூபாயை மாமனார் கையில் கொடுத்தேன். கையெழுத்துக் கேட்கக் கூச்சம். வழக்கு வந்தபோது ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். என்னிடம் அத்தாட்சி இல்லை. இப்போது ஜிபேயில் போடுகிறேன், குறிப்பில் "ஜூன் மாதம், பிள்ளைக்கு" என்று எழுதுகிறேன். பாக்கி வைக்கிற ஆட்களால் எங்களையும் அதே கண்ணால் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்க்கப் போனால் வாசலில் உட்காரவைக்கிறார்கள். அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

வைகைக்கரை | 11 ஜூன் 2024

அண்ணா, அதையும் எழுதுங்கள், தப்பில்லை.

தறிச்சத்தம் | 30 ஆகஸ்ட் 2024

ரொம்ப நாள் கழித்து வருகிறேன். குமாஸ்தா ஐயா சொன்னபடி ஜூலை 4ஆம் தேதி பாக்கி மனுப் போட்டுவிட்டேன், 3,000 தப்பித்தது. சட்டப் பணிகள் குழுவில் கொடுத்த வக்கீல் சின்னப் பெண், என் நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியையும் ஸ்டேட்மென்டோடு டிக் அடித்துப் பார்த்தார். ஒரு ரூபாய் பிசகவில்லை. "இதை யார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். துணிக்கடைப் பாக்கி எழுதிப் பழகின கை என்றேன்.

போன வாய்தாவுக்கு மகளின் அப்பா வந்தார். மூன்று வருடத்தில் நேருக்கு நேர் பார்ப்பது இரண்டாவது தடவை. 20,000 கட்டினார், மீதிக்கு இரண்டு மாதம் தவணை கேட்டார். தீபாவளித் துணிக்குக் கொடுத்த 1,500ஐக் கழிக்க வேண்டும் என்று வேறு சொன்னார். அதை நானே கழித்துத்தான் எழுதியிருக்கிறேன் என்று வக்கீல் நோட்டைக் காட்டியதும் தலையைக் குனிந்துகொண்டார்.

4,000 இன்னும் வரவில்லை. குறைதீர் நாளில் கொடுத்த மனுவுக்கு எண் வந்தது, மறுவிசாரணை என்று ஒரு கடிதமும் வந்தது. இந்த முறை வேறொருவர் வந்தார். மஞ்சள் கோடு அடித்த ஸ்டேட்மென்டைப் பார்த்துவிட்டு, "சரிங்கம்மா, வந்ததை மட்டும் எழுதுறேன்" என்றார். எனக்கு உடனே அந்த 20,000 ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது. பழைய பாக்கி இப்போது மொத்தமாக வந்திருக்கிறதே, அதை இந்த வருட வருமானத்தில் சேர்த்துவிடுவார்களா? ஐயா, தெரிந்தால் சொல்லுங்கள். வரும் வியாழக்கிழமை அந்த 4,000 பற்றி முடிவு செய்யும் குழுவில் வைக்கிறார்களாம்.