புதுப்பிப்பு: தேன் பூசிச் சுட்ட சால்மன், இந்த முறை கருகவில்லை

நாகர்கோவிலில் வாங்கிய உறைந்த சால்மனைத் தேன் பூசிச் சுட்டு, வெளியே கரி, உள்ளே பச்சை என்று போன வாரம் புலம்பியிருந்தேன். தேனைக் கடைசியில் பூசச் சொன்னீர்கள். அதுதான் சரி. மீன் வேகும் முன்பே தேனிலுள்ள சர்க்கரை தீய்ந்துவிடுகிறது.

நேற்று சிரட்டைக் கரி சாம்பல் பூத்த பிறகு, உப்பும் நல்லமிளகும் மட்டும் தடவி, தோல் பக்கம் கீழே இருக்க வைத்தேன். சதை இதழ் இதழாகப் பிரியத் தொடங்கியதும் மார்த்தாண்டம் தேனைப் புளிக்கரைசலில் குழைத்துப் பூசினேன். இரண்டே நிமிடம், பளபளவென்று வந்தது.

கூடவே சுட்ட குடைமிளகாயும் சின்ன உள்ளியும் (சின்ன வெங்காயம்) அருமை. கத்தரிக்காய்தான் எண்ணெயைக் குடித்துச் சொதப்பியது.

அம்மா மட்டும், "இந்தக் காசுக்குக் குளச்சல்ல நெய்மீனே வாங்கியிருக்கலாமே மக்களே" என்றாள். அடுத்து அந்த நெய்மீன்தான் (வஞ்சிரம்). சால்மன் அளவுக்கு அதில் கொழுப்பு கிடையாது, வறண்டுவிடும். வாழையிலையில் பொதிந்து சுட்டுப் பார்க்கிறேன்.