ஏழாண்டு மில் வேலையின் ஓய்வூதியப் பங்கை எடுத்துவிடலாமா?

கேள்வி: வேடசந்தூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா எங்கள் ஊர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் ஏழாண்டுகள் வேலை பார்த்தார். சில மாதங்களுக்கு முன்பு அந்த ஆலையை மூடிவிட்டார்கள். அவருக்கு இப்போது 43 வயது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்துக் கடைசியாக 12,000 ரூபாய் வாங்கினார். அடுத்த மாதம் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் சேர இருக்கிறார்.

பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பணம் எடுத்துக் கொடுக்கும் ஒருவர், பிஎஃப் தொகைக்கான படிவத்தோடு 10சி படிவத்தையும் கொடுத்தால் ஓய்வூதியப் பங்கும் கைக்கு வந்துவிடும் என்கிறார். அடகில் இருக்கும் நகையை அதைக் கொண்டு மீட்டுவிடலாம் என்பது மாமாவின் எண்ணம். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் அவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்ட எனக்குத் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

பதில் 1: ஓய்வுபெற்ற ஆலைக் கணக்கர்

சகோதரிக்கு வணக்கம். முதலில் பிஎஃப் பங்கையும் ஓய்வூதியப் பங்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 12,000 ரூபாய் சம்பளத்தில் உங்கள் அக்காவிடம் மாதம் 1,440 ரூபாய் பிடித்திருப்பார்கள். நிர்வாகமும் அதே 12 சதவீதத்தைச் செலுத்தியிருக்கும். நிர்வாகத்தின் பங்கில் 8.33 சதவீதம், அதாவது ஏறத்தாழ 1,000 ரூபாய், 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்திற்குப் போகும். மீதி 440 ரூபாய்தான் பிஎஃப் கணக்கில் சேரும். பாஸ்புக்கில் ஓய்வூதியத்திற்கென்று தனிப் பத்தி இருக்கும், அதற்கு வட்டி ஏறாது. ஓய்வூதியம் அந்த இருப்பைப் பொறுத்ததன்று; ஓய்வூதியத்திற்குரிய சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தே அதைக் கணக்கிடுகிறார்கள்.

எடுத்தால் ஏறத்தாழ ஏழு மாதச் சம்பளம், சுமார் 84,000 ரூபாய் கிடைக்கும். எடுக்காமல் 58 வயது வரை அக்கா வேலை பார்த்தால் மொத்தம் 22 ஆண்டுகள் ஆகும். 20 ஆண்டுகளைக் கடந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளைக் கூடுதலாகச் சேர்ப்பதால் 24 என்று கணக்கு. சம்பளம் ஒரு ரூபாய்கூட உயராது என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 4,114 ரூபாய் வரும். எடுத்துவிட்டால் திருப்பூரில் பார்க்கும் 15 ஆண்டுகளுக்கு மட்டும் 2,571 ரூபாய்தான். மாதம் 1,543 ரூபாய் வித்தியாசம், அதுவும் ஆயுள் முழுவதும். அவருக்குப் பின் மாமாவுக்கு அதில் பாதி.

பதில் 2: திண்டுக்கல் தொழிற்சங்கத் தோழர்

ஐயா போட்ட கணக்கு சரிதான், ஆனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த 84,000 ரூபாயை எட்டு சதவீத வட்டிக்குப் போட்டுத் தொடாமல் வைத்திருந்தால் 15 ஆண்டுகளில் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். அதன் வட்டியே அந்த 1,543 ரூபாயை விடக் கூடுதலாக வரும். ஓய்வூதியத்திற்குப் பஞ்சப்படி கிடையாது என்பதால், 58 வயதில் நிர்ணயிக்கும் தொகைதான் 80 வயதிலும் வரும். விலைவாசி அதற்காகக் காத்திருக்காது.

இந்தத் திட்டத்தின் மீது எனக்குள்ள வருத்தம் இதுதான். குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 1,000 ரூபாய் என்றும் ஓய்வூதியக் கணக்குக்கான சம்பள உச்சவரம்பை 15,000 ரூபாய் என்றும் 2014 செப்டம்பரில் வைத்தார்கள். பத்தாண்டுகள் கடந்த பிறகும் இரண்டும் அப்படியே நின்றன. அதற்குள் தமிழ்நாடு அரசு முதியோர் உதவித்தொகையை 2023 ஆகஸ்டு முதல் 1,200 ரூபாயாக உயர்த்திவிட்டது. மாதந்தோறும் தன் பெயரில் பணம் கட்டப்பட்ட ஒரு தொழிலாளிக்குக் கடைசியில் கிடைப்பது, எதுவும் கட்டாதவருக்கு அரசு தரும் உதவியைவிடக் குறைவாக இருக்கலாம் என்றால், உழைப்புக்கு அங்கே என்ன மதிப்பு? இரவு ஷிப்டில் பஞ்சுத் தூசிக்கு நடுவே நின்ற பெண்களிடம் இதை விளக்க முடியாமல் நான் தவித்திருக்கிறேன்.

இவ்வளவு குறை இருந்தும் எடுக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். பத்தாண்டுப் பணி இல்லையென்றால் மாத ஓய்வூதியமே கிடையாது. ஆர்டர் குறைந்தால் ஆட்குறைப்பு வரும் பின்னலாடைத் தொழிலில், 43 வயதில் சேரும் ஒருவர் புதிதாகப் பத்தாண்டுகளை நிறைவு செய்வார் என்று எவரும் உறுதி கூற முடியாது. பழைய ஏழாண்டுகள் கையில் இருந்தால் இன்னும் மூன்றே ஆண்டுகள் போதும். அதன்பின் வேலையை விட்டாலும், இதே சம்பளத்திற்கு 58 வயதில் 1,714 ரூபாய் உறுதி. 84,000 ரூபாயை எடுத்தால் அது வட்டிக்குப் போகப்போவதில்லை, நகைக்கடனுக்குத்தான் போகும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

வேடசந்தூர் வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. மூன்றாண்டுகள் போதும் என்ற செய்தியைச் சொன்னதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஆலையை மூடிவிட்டதால் பழைய பணிக்காலத்தைப் புதிய இடத்தோடு சேர்க்க யாரிடம் கையெழுத்து வாங்குவது என்பதுதான் இப்போதைய கவலை.

பதில் 3: ஓய்வுபெற்ற ஆலைக் கணக்கர்

கையெழுத்துக்கு அலைய வேண்டியதில்லை. அவருடைய யுஏஎன் எண்ணோடு (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் உறுப்பினர் எண்) ஆதார் இணைந்திருந்தால் போதும். பணியிலிருந்து விலகிய தேதியை ஆலை பதிவு செய்யாமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தா செலுத்திய மாதத்திலிருந்து இரண்டு மாதங்கள் கழித்து, பிஎஃப் உறுப்பினர்களுக்கான இணையதளத்தில் அவரே அதைப் பதிவு செய்துகொள்ளலாம்.

திருப்பூரில் சேரும் நாளில் 11ஆம் எண் படிவத்தில் பழைய யுஏஎன் எண்ணைத் தவறாமல் எழுதச் சொல்லுங்கள். பழைய எண்ணைச் சொல்லாமல் விட்டுப் புது எண் உருவாகிவிட்டால், பணிக்காலம் இரண்டு துண்டாகிப் பின்னால் பெரும் தொல்லையாகும். சேர்ந்த பிறகு பழைய கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றிய பின் பாஸ்புக்கில் பழைய ஓய்வூதியத் தொகை வந்து சேரவில்லையே என்று பதற வேண்டாம். பிஎஃப் தொகைதான் மாறும், ஓய்வூதியத்தில் பணிக்காலம் மட்டுமே சேரும்.

இன்னொன்று: புதிய வேலையில் சேர்ந்து சந்தா கட்டத் தொடங்கிவிட்டால் 10சி மூலம் பணம் எடுக்க விதியில் இடமில்லை, அது வேலையில் இல்லாதவர்களுக்கானது. எனவே பிஎஃப் பணம் எடுத்துக் கொடுக்கும் அந்த நபர் அவசரப்படுத்தினால் எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். ஆதாருக்கு வரும் ஓடிபி எண்ணையும் அவரிடம் சொல்ல வேண்டாம்.