கலைச்சொல் தேவை: தூக்கிப்போக ஒரு மடிக்கணினி, வலுவுக்கு ஒரு மடிக்கணினி

மடல் 1

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கல்லூரியில் சேரப்போகும் மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எட்டாம் அத்தியாயத்தில் தலைப்பிலேயே நின்றுவிட்டேன். "எளிதில் எடுத்துச் செல்லத்தக்க வணிகப் பயன்பாட்டு மடிக்கணினியா, ஆற்றல்மிக்க விளையாட்டு மடிக்கணினியா?" என்று எழுதிப் பார்த்தேன். படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. அட்டவணைக் கட்டத்துக்குள்ளும் அடங்கவில்லை.

நீளம்கூடப் பரவாயில்லை. பொருள்தான் இடறுகிறது. "வணிக" என்றால் கடைக் கணக்கு எழுதும் கணினி என்று படுகிறது. "விளையாட்டு" என்றால் குழந்தைகளின் பொம்மை. உண்மையில் அத்தியாயம் பேசுவது வேறு. முதல் வகை ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ. 65 வாட் மின்னேற்றி போதும். நாள் முழுக்க மின்கலத்தில் ஓடும். இரண்டாம் வகை இரண்டரைக் கிலோ, தனி வரைகலைச் செயலி (திரைப் படங்களைக் கணித்து வரையும் சில்லு), 180 முதல் 330 வாட் வரை இழுக்கும் மின்னேற்றி, விசிறிச் சத்தம். இந்த வேறுபாட்டைப் பெயரே சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. இரண்டு சின்னச் சொற்கள் போதும். உதவுங்கள்.

மடல் 2

தம்பிக்கு வணக்கம்.

அடைமொழியைப் பிறகு பார்க்கலாம். "மடிக்கணினி" என்ற சொல்லிலேயே உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது.

க் மிகுந்தால் மடி பெயர்ச்சொல். மடியில் வைக்கும் கணினி. ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. க் மிகாமல் "மடிகணினி" என்று எழுதினால் மடி வினையடி. மடித்த, மடிக்கிற, மடிக்கும் கணினி. ஊறுகாய், சுடுசோறு, ஆடுகளம் போல வினைத்தொகை. அங்கே வல்லினம் மிகாது. புறநானூற்றின் 54ஆம் பாட்டில் "மடிவாய் இடையன்" வருகிறான். மடித்த வாயை உடையவன். அந்த மடிதான் இது.

இரண்டரைக் கிலோ எடையும் அடிப்பக்கச் சூடும் உள்ள இயந்திரத்தை யாரும் மடியில் வைப்பதில்லை. அது மடங்கும், அவ்வளவுதான். ஆகவே இலேசானது மடிக்கணினி, கனமானது மடிகணினி. ஓர் ஒற்றில் முடிந்தது. காதுக்கும் வேறுபடும்: ஒன்றில் க வன்மையாக ஒலிக்கும், மற்றதில் மென்மையாக.

குறளில் மடி என்பது சோம்பலையும் குறிக்கும். 603ஆம் குறள் "மடிமடிக் கொண்டொழுகும் பேதை" என்று தொடங்கி, "குடிமடியும்" என்று அழிவையும் அதே சொல்லால் சொல்கிறது. ஒரே வேரில் மடங்குதல், சோர்தல், மாய்தல் மூன்றும் கிளைத்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. இதைப் பற்றித் தனியே ஒரு மடல் எழுதுகிறேன்.

மடல் 3

ஐயா, வன்பொருள் பழுதுபார்ப்பவன் என்ற முறையில் ஒரு சொல்.

மடிப்பு பிறந்த கதை உங்கள் பக்கம்தான் நிற்கிறது. 1981இல் வந்த ஆஸ்பார்ன் 1 "எடுத்துச் செல்லும் கணினி" என்றுதான் விற்பனைக்கு வந்தது. எடை ஏறத்தாழ 11 கிலோ, உள்ளே மின்கலம் கிடையாது. 1983இல் கடைக்கு வந்த காம்பேக் போர்ட்டபிள் அதைவிடக் கனம். இரண்டும் பெட்டிகள், அவற்றில் மடிப்பே இல்லை. திரை விசைப்பலகைமேல் மடங்கும் வடிவம் 1982இல் கிரிட் காம்பஸோடு வந்தது. மடியில் வைப்பது என்ற எண்ணம் வலுப்பட்டது அதற்கப்புறம்தான்.

ஆனால் க் ஒன்றை நம்பி அத்தியாயம் எழுத முடியாது. பிழைதிருத்தி நிரல் ஏதாவது ஒரு வடிவத்தைச் சிவப்புக் கோடிட்டுக் காட்டும். மெய்ப்புப் பார்ப்பவர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுவார். தவிரவும் இன்றைக்கே பலர் இரண்டையும் வேறுபாடில்லாமல் எழுதுகிறார்கள்.

உண்மையான வேறுபாடு வெப்பம். மெல்லிய அலுவல் கணினியின் செயலி நீடித்து எடுப்பது 15 முதல் 28 வாட். மற்றதில் வரைகலைச் செயலி மட்டுமே 100 வாட்டைத் தாண்டும். அந்தச் சூட்டை வெளியேற்றச் செப்புக் குழாய், பெரிய விசிறி, தடித்த உடல் எல்லாம் வேண்டும். கனமும் சத்தமும் அங்கிருந்து வருகின்றன. மின்னேற்றியைப் பிடுங்கினால் அதே கணினியின் வேகம் பாதியாகக்கூட விழும், ஏனென்றால் மின்கலத்தால் அவ்வளவு வாட்டை ஒரே நேரத்தில் கொடுக்க முடியாது. வாங்குபவர் அறிய வேண்டியது இது. சொல்லும் இதைச் சுட்டினால் நல்லது.

மடல் 4

எல்லாருக்கும் வணக்கம். எங்கட இலங்கைப் பேச்சு வழக்கில் தூக்கிக்கொண்டு போவதைக் "காவிக்கொண்டு போறது" என்போம். பாடநூல்களில் நோயைக் காவிச் செல்லும் உயிரிக்கு நோய்க்காவி என்ற சொல்லும் உண்டு. காவுதல் பழைய வினை. "காவுகணினி" என்றால் என்ன? ஐயா சொன்ன வினைத்தொகைதான். காவிய, காவுகின்ற, காவும் கணினி. எடுத்துச் செல்லத்தக்க என்ற இரண்டு சொல்லும் ஒரு சொல்லுக்குள் அடங்குகிறது.

இன்னொன்று. "கையடக்கக் கணினி" என்று மட்டும் எழுதிவிடாதேங்கோ. கையடக்கம் என்றால் எங்களுக்குத் தொலைபேசி. பதினான்கு அங்குலத் திரை கையில் அடங்காது.

மடல் 5

அக்கா, காவு வேண்டாமே. எங்கள் பக்கத்தில் காவு கொடுத்தல் என்றால் பலி கொடுத்தல். "சாலை விபத்து இரண்டு உயிரைக் காவு வாங்கியது" என்று செய்தித்தாளில் தினமும் படிக்கிறோம். காவுகணினி என்று பார்த்ததும் எனக்கு வயிறு சுருங்கியது.

என் கருத்து: "கேமிங் லேப்டாப்", "பிசினஸ் லேப்டாப்" என்றே எழுதலாம். மாணவர் கடையில் அப்படித்தான் கேட்கப் போகிறார். புரிவதற்காகத்தானே கையேடு?

மடல் 6

மடல் 5 எழுதியவருக்கு: பிறமொழிச் சொல்லைத் தொல்காப்பியமே ஏற்கிறது. ஆனால் வடசொல்லுக்கு அது வைத்த வரையறை "வடவெழுத் தொரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்" என்பது. தமிழ் ஒலிக்குள் வந்து உட்கார வேண்டும். "கேமிங்" என்று எழுதினால் சொல்முதல் ககரம் வன்மையாகவே ஒலிக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் மாணவர் வேறொரு சொல்லைச் சொல்வார். "லேப்டாப்" நாவில் பழகிவிட்டது, அதை நான் எதிர்க்கவில்லை. கேமிங் இன்னும் பழகவில்லை.

காவுக்கு வருகிறேன். அம்மா அருமையான சொல்லை எடுத்துத் தந்திருக்கிறார். புறநானூறு 206இல் அதியமான் வாயிலில் நின்று ஔவையார் சொல்கிறார்: "காவினெம் கலனே சுருக்கினெம் கலப்பை." கருவியைத் தோளில் ஏற்றிவிட்டோம், பையைச் சுருக்கிக் கட்டிவிட்டோம். கலப்பை என்பது இங்கே உழும் கலப்பை அல்ல. கலம் வைக்கும் பை. இடத்துக்கு இடம் போகும் ஒருவர், தொழிற்கருவி, அதற்கென்று ஒரு பை. மடிக்கணினிக்கு இதைவிடப் பழைய சான்று கிடைக்குமா? பலி என்ற பொருளுக்காக இவ்வளவு நல்ல வினையைக் கைவிட வேண்டுமா?

விளையாட்டு வகைக்கும் ஒன்று சொல்கிறேன். "கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு" என்பது தொல்காப்பிய உரியியல். ஆகவே "பண்ணைக் கணினி" என்றால் விளையாட்டுக் கணினி. விளையாட்டு என்ற சொல்லின் பொம்மைச் சாயல் இதில் இல்லை.

மடல் 7

ஐயா, பண்ணை என்றால் இன்று கோழியும் மாடும்தான் நினைவுக்கு வரும். கணினித் துறையிலேயே சேவையகப் பண்ணை என்று ஒன்று வழங்குகிறது. குழப்பம் இரண்டு மடங்காகும். வேரைத் தோண்டும்போது அதே உரியியலின் இன்னொரு நூற்பாவும் நினைவில் இருக்கட்டும்: "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா." சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் வெளிப்படையாகத் தெரியாது.

நான் இயற்பியல் கற்பிப்பவன். எனக்கு உறுத்துவது "ஆற்றல்மிக்க" என்ற அடைமொழி. தமிழ்நாட்டுப் பாடநூலில் ஆற்றலின் அலகு ஜூல். வாட் என்பது திறன். மடிக்கணினியில் ஆற்றல் என்றால் மின்கலத்தில் இருக்கும் வாட்-மணி. விளையாட்டு வகையில் அது 80, 90 என்று பெரிதாகவே இருக்கும். விமானத்தில் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோக 100 வாட்-மணிதான் எல்லை என்பதால் பெரும்பாலும் 99உடன் நின்றுவிடும். அலுவல் வகையில் 50, 60 போதும். ஆனாலும் முதலில் தீர்ந்துபோவது பெரிய மின்கலம்தான்! திறன் அவ்வளவு வேகமாக ஆற்றலைக் குடிக்கிறது. "ஆற்றல்மிக்க" என்று எழுதினால் மின்கலம் நெடுநேரம் தாங்கும் என்று ஒரு மாணவர் நினைக்க இடமுண்டு. உண்மை நேர்மாறு.

"திறன்மிக்க" என்றால் திறன்பேசியோடு கலக்கும். இலங்கைப் பாடநூலில் வாட்டுக்கு உரிய சொல் வலு. அது இருபக்கத்துக்கும் புரியும். "வலுக்கணினி" என்று வைத்துப் பாருங்கள்.

மடல் 8

வலு எங்களுக்குச் சம்மதம். காவு பற்றி நான் இனி வாதிடவில்லை, ஆனால் வருத்தம்தான்.

வகுப்பறையிலிருந்து ஒன்று சொல்கிறேன். கட்டடக்கலை படிக்கப்போன என் மாணவி ஒருத்திக்கு முப்பரிமாண மாதிரிகள் செய்யத் தனி வரைகலைச் செயலி வேண்டியிருந்தது. அவள் கேட்ட கணினியின் பெட்டியில் விளையாட்டுக்கு உரியது என்று இருந்ததைப் பார்த்ததும் தகப்பன் மறுத்துவிட்டார். "படிக்கப் போறியோ, விளையாடப் போறியோ?" ஒரு வருடம் அவள் மெல்லிய கணினியில் ஒவ்வொரு படத்துக்கும் மணிக்கணக்காய்க் காத்திருந்தாள். பிறகு நான் போய் விளங்கப்படுத்தினேன். காணொளி தொகுப்பவருக்கும், இயந்திரக் கற்றல் பழகுபவருக்கும் இதே கதிதான். விற்பவர் வைத்த பெயரை நாங்களும் அப்படியே மொழிபெயர்த்தால், அந்தப் பிழையைத் தமிழிலும் நாங்களே விதைக்கிறோம்.

மடல் 9

மடல் 8 என்னை அசைத்துவிட்டது. ஆனால் எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். மாணவர் கையேட்டை மூடிவிட்டுக் கடைக்குப் போய் "வலுக்கணினி" என்று கேட்டால் யாருக்கும் புரியாது. இணையத்தில் தேடினாலும் கிடைக்காது. விளையாட்டுக் கணினி என்றால் ஓரளவு கிடைக்கும். வழக்கில் இருக்கும் சொல்லை விளக்கிச் சொல்வதும் மொழிபெயர்ப்பாளர் வேலைதானே? "வணிக" மட்டும் வேண்டாம், "அலுவல்" நன்று. பணிக்கணினி என்றும் எழுத வேண்டாம். அது பணிநிலையம் (வொர்க்ஸ்டேஷன்) என்ற சொல்லோடு மோதும்.

மடல் 10

எல்லாருக்கும் நன்றி. இன்று வியாழன் இரவு. இப்படி அனுப்புகிறேன்.

தலைப்பு: "அலுவல் மடிக்கணினியா, விளையாட்டு மடிக்கணினியா?" வாக்கெடுப்பு என்று எதுவும் நடக்கவில்லை.  அட்டவணையின் இரு நெடுவரிசைக்கும் "இலகு", "வலு" என்று பெயரிட்டிருக்கிறேன். ஆற்றல் என்ற சொல்லை மின்கலத்துக்கு மட்டும் ஒதுக்கிவிட்டேன். முதல் பத்தியிலேயே, விளையாட்டு என்பது விற்பவர் இட்ட பெயர், கட்டடக்கலைக்கும் காணொளிக்கும் வாங்க வேண்டியதும் இதுதான் என்று எழுதியாயிற்று. அக்கா சொன்ன அந்தத் தகப்பன் இந்தப் பத்தியைப் படிக்க வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதினேன்.

ஒற்று பற்றி: அத்தியாயம் முழுக்க மடிக்கணினிதான், ஐயா மன்னிக்க வேண்டும்.

மடல் 11

தம்பி, மன்னிக்க ஒன்றுமில்லை. நல்ல முடிவு, என் உடன்பாடு இல்லாத முடிவு. என் சொற்தொகுப்பில் காவுகணினி என்ற பதிவைப் புறநானூற்று அடியோடு சேர்த்துவிட்டேன். பலி என்ற வழக்கையும் பக்கத்திலேயே குறித்திருக்கிறேன். அம்மா, நோய்க்காவி எந்த வகுப்புப் பாடநூலில் வருகிறது என்று எழுதி அனுப்புங்கள்.

அது போகட்டும், மின்னேற்றி என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஏற்றுவது மட்டுமா செய்கிறது? மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றவும் செய்கிறதே. ஏற்றியா, மாற்றியா, தகவியா (அடாப்டர்)?