கொச்சி வொண்டர்லா: 14 பேருக்கு எந்த டிக்கெட் எடுக்கலாம்?

மே லீவில் கோயம்புத்தூரிலிருந்து பெரியப்பா, அத்தை குடும்பங்களோடு மொத்தம் 14 பேர் கொச்சி வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறோம், டிக்கெட் போடும் பொறுப்பு என் தலையில். அங்கே குழந்தை டிக்கெட்டுக்கு வயது கணக்கில்லை, உயரம்தான்; 140 செ.மீ. தாண்டினால் பெரியவர் கட்டணம். அத்தை பையனைச் சுவரோடு நிறுத்தி அளந்தால் 139 வருகிறது, வாசலில் ஷூவோடு அளப்பார்களா, கழற்றச் சொல்வார்களா? பாட்டி எதிலும் ஏறப்போவதில்லை, சீனியர் சிட்டிசன் டிக்கெட் எடுத்து நிழலில் உட்கார வைத்தால் சரி.

அப்புறம் இந்த ஃபாஸ்ட் ட்ராக், அதாவது கூடுதல் காசு கொடுத்து தனி வரிசையில் சீக்கிரம் ஏறும் டிக்கெட். எல்லாருக்கும் எடுத்தால் பட்ஜெட் எகிறிவிடும், பெரிய ரைடில் ஏறும் பசங்களுக்கு மட்டும் எடுத்தால் போதுமா, இல்லை ஆளுக்கொரு வரிசையில் நின்று சண்டைதான் மிஞ்சுமா? கோடைக் கூட்டத்தில் போய் வந்தவர்கள் சொல்லுங்கள், வார நாளில் சாதா டிக்கெட்டே தாங்குமா?